சைக்கிளுக்கு 180 ரூபாய்

2017 ஜூன் 28 அன்று, ஏழாவது ஊதியக்குழு சொன்ன படிகள் குறித்து மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. வீட்டு வாடகைப்படி எவ்வளவு, சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கும் வீரருக்கு எவ்வளவு என்று மறுநாள் பத்திரிகைகளில் பெரிய செய்திகள் வந்தன. அந்தப் பட்டியலின் நடுவே கிடந்த ஒரு சின்ன வரியைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அது சைக்கிள் படி பற்றியது. அதை ஒழித்துவிடலாம் என்பது ஊதியக்குழுவின் பரிந்துரை. தபால்காரர்களும் ரயில்வே தண்டவாளப் பராமரிப்பாளர்களும் இன்னும் சைக்கிளை நம்பி வேலை பார்க்கிறார்கள் என்பதால் அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. மாதம் 90 ரூபாயாக இருந்த படியை 180 ரூபாய் ஆக்கியது. இதனால் 22,200 பேருக்கு மேல் பயன்பெறுவார்கள் என்றது அரசின் குறிப்பு.

அதே ஊதியக்குழுவின் கணக்கில் இன்னொரு படியும் உண்டு. சென்னை, கோவை போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் ஒன்பதாம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ள மத்திய அரசு அலுவலருக்கு, வீட்டிலிருந்து அலுவலகம் வந்துபோக மாதம் 7,200 ரூபாய். மூன்று முதல் எட்டாம் நிலை வரை 3,600. கடைசி இரண்டு நிலைகளுக்கு 1,350. எல்லாவற்றுக்கும் மேலே அகவிலைப்படி. இந்த இரண்டு படிகளும் வேறு வேறு காரியத்துக்கானவை. ஒன்று வேலைக்கு வருவதற்கு, மற்றது வேலையையே சைக்கிளில் செய்வதற்கு. ஒன்றோடு ஒன்றை ஒட்டிப் பார்ப்பது முறையல்ல என்று நிதித்துறைக்காரர்கள் சொல்லக்கூடும். முறையல்லதான். ஆனாலும் நாள் முழுக்கத் தெருத்தெருவாக மிதிப்பவருக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் என்பது, சைக்கிளை அரசு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைத் தெளிவாகவே சொல்கிறது. இன்றைய விலையில் ஒரு பஞ்சர் ஒட்டி, ஒரு பிரேக் கட்டை மாற்றினால் அந்த மாதப் படியில் பெரும்பகுதி போய்விடும்.

அரசு ஊழியர்கள் காரையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு சைக்கிளில் வர வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. பெட்ரோல் விலை ஏறும்போது எழும். டெல்லியில் காற்று கறுக்கும்போது எழும். ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று தவறாமல் எழும். பேச்சோடு ஒரு சுற்றறிக்கையும் சில சமயம் வரும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதன்கிழமைகளில் சொந்த வாகனத்தைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல நோக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிவுரையும் சுற்றறிக்கையும் எட்டாத இடத்தில் சிக்கல் இருக்கிறது. அரசு அலுவலகத்திலிருந்து சைக்கிளைத் துரத்தியதில் வெயிலுக்கும் சோம்பலுக்கும் பங்கு கொஞ்சம்தான். பெரும்பங்கு படி விதிகளுக்கும் பதவி வரிசைக்கும். அவற்றைத் தொடாமல் ஊழியரின் மனச்சாட்சியை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் புதன்கிழமை முடிந்து வியாழக்கிழமை வந்துவிடும்.

துரத்தல் நடந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை செய்வோர் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டது. நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிள் என்றார்கள். மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனம் என்றவர்கள் அதைவிட ஒரு இழை குறைவு. இந்தியா சைக்கிளில் வேலைக்குப் போன நாடு என்று சொல்வதற்கு நம் தாத்தா காலத்துக்குப் போக வேண்டியதில்லை.

மாவட்டத் தலைநகரம் ஒன்றில், ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகத்தின் வாகனக் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகையில் ‘சைக்கிள் ஸ்டாண்டு’ என்றுதான் இருக்கும். முன் சக்கரத்தைச் செருகி நிறுத்துவதற்கென்று கட்டிய சிமெண்டுப் பள்ளங்கள்கூடச் சில இடங்களில் மிச்சம் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களின் மேல் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நிற்கும். சைக்கிள்கள் வெளியே, வேப்பமரத்தடியில், சுவரில் சாய்ந்தபடி இருக்கும். துப்புரவுப் பணியாளருடையது ஒன்று, இரவுக் காவலருடையது ஒன்று, மனு கொடுக்க வந்த பெரியவருடையது ஒன்று. அந்தப் பெரியவர் கேரியரில் ரெக்ஸின் பையைக் கயிற்றால் கட்டியிருப்பார். சீட்டில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பார். இதற்கு நேர் எதிரே, கட்டடத்தின் முகப்பில், மழையும் வெயிலும் படாத போர்டிகோ. அங்கே ‘ஜி’ வரிசை எண் கொண்ட கார் ஒன்று நிற்கும். அதில் வருபவர் இறங்கி உள்ளே போக எடுத்துவைக்கும் அடிகள் பத்துக்கு மேல் இருக்காது. யார் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், யார் எதில் வர வேண்டும் என்பதையெல்லாம் கட்டட வரைபடமே முடிவு செய்துவிடுகிறது. இதைத் தினமும் பார்க்கும் இளநிலை உதவியாளர் என்ன கற்றுக்கொள்வார்? பதவி உயர்வு வந்தால் முதலில் மாற்ற வேண்டியது வண்டியை என்றுதான்.

ஒருகாலத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் சைக்கிளும் சீராகக் கொடுத்த ஊர் இது. தலைமையாசிரியர் சைக்கிளில் வருவார், போஸ்ட் மாஸ்டர் வருவார், கர்ணம் வருவார். அதனால் அவர்கள் மதிப்பு குறைந்துவிடவில்லை. இன்று ஒரு வட்டாட்சியர் சைக்கிளில் அலுவலகம் வந்தால், ஒன்று அவர் உள்ளூர்ச் செய்தியாகிவிடுவார், இல்லையென்றால் ஜீப் ரிப்பேரா என்று கேட்பார்கள். ராஜஸ்தான் எம்.பி. அர்ஜுன் ராம் மேக்வால் 2016-ல் அமைச்சராகப் பதவியேற்கக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு சைக்கிளில் போனதை நாடே படம் பிடித்தது. நெதர்லாந்துப் பிரதமராக இருந்த மார்க் ரூட்டே பல ஆண்டுகள் சைக்கிளில்தான் அலுவலகம் போனார். 2024 ஜூலையில் பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறியதும் சைக்கிளில்தான். அதை வியந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்.

இங்கே அரசு சைக்கிளைக் கண்டுகொள்வதே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரிலிருந்து மத்திய விளையாட்டு அமைச்சகம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும் இயக்கம் ஒன்றை நடத்திவருகிறது. அமைச்சரும் அதிகாரிகளும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மிதிக்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடுமுறை விடியற்காலைகளில் பெரிய பெரிய பதவிக்காரர்களைப் பார்க்கலாம். அந்த சைக்கிள்களில் சில ஒரு பழைய காரின் விலைக்குச் சமம். ஞாயிறு காலை முப்பது கிலோமீட்டர் மிதிப்பவர், திங்கள் காலை நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு டிரைவர் வைத்த காரில் போகிறார். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது. சாலை தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளுக்கு மரியாதை இருக்கிறது, திங்கட்கிழமை சைக்கிளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பணத்தின் கதைக்குத் திரும்புவோம். அரசு ஊழியருக்கு சைக்கிள் வாங்க வட்டியில்லா முன்பணம் என்று ஒன்று இருந்தது. ஏழாவது ஊதியக்குழுவோடு மத்திய அரசில் அது போய்விட்டது. கார் முன்பணமும் கூடவே போனது. ஆனால் கார் வாங்கக் கடன் கொடுக்க அலுவலக வாசலிலேயே வங்கிக்காரர்கள் நிற்கிறார்கள். சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்க யார் வருவார்கள்? வரியிலும் இதே கதைதான். 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சைக்கிளுக்கு 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம். ஆறு ஆண்டு காலம், சுற்றுச்சூழலைக் காக்க இருபது லட்ச ரூபாய் மின்சார கார் வாங்கியவர், ஐயாயிரம் ரூபாய் சைக்கிள் வாங்கியவரைவிடக் குறைந்த விகிதத்தில் வரி கட்டினார். இப்போது சைக்கிளுக்கும் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. தாமதமானாலும் நல்லது.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால், எங்கும் உபதேசம் மட்டும் வேலை செய்யவில்லை. பிரிட்டனில் சொந்த வாகனத்தில் அலுவல் வேலையாகப் போகிறவருக்கு வரியில்லாமல் கொடுக்கக்கூடிய தொகையில், காருக்கு மைலுக்கு இவ்வளவு பென்ஸ் என்பதுபோல சைக்கிளுக்கு 20 பென்ஸ் என்று பல ஆண்டுகளாக இருக்கிறது. சைக்கிள் ஒரு வாகனம், அதில் போவது ஒரு பயணம் என்று வரி அலுவலகமே ஒப்புக்கொள்கிறது. 1999-ல் அங்கே கொண்டுவந்த திட்டத்தின்படி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டு, நிறுவனமே சைக்கிள் வாங்கித் தருகிறது. பிடித்தத்துக்கு வரி கிடையாது. பெல்ஜியத்தில் 2023 மே மாதம், தனியார் நிறுவன ஊழியர் சைக்கிளில் வேலைக்கு வந்தால் கிலோமீட்டருக்கு 27 சென்ட் என்று பொது ஒப்பந்தமே நடைமுறைக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கொலம்பியாவின் ஏற்பாடு. பணக்கார நாடு அல்ல. சாலைகளும் சாதுவானவை அல்ல. அந்த நாட்டின் தலைநகரம் பொகோட்டாவில் 1974-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய சாலைகளைக் காருக்கு மூடி, சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. 2016 அக்டோபரில் நிறைவேறிய 1811-ஆம் எண் சட்டத்தின்படி, அங்கே அரசு ஊழியர் ஒருவர் முப்பது முறை சைக்கிளில் அலுவலகம் வந்ததாகச் சான்று காட்டினால், சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு. ஆண்டுக்கு இப்படி எட்டு அரை நாள் வரை எடுக்கலாம். கஜானாவிலிருந்து ஒரு பைசா ரொக்கமாகப் போகவில்லை. ஊழியருக்கு எது இனிக்கும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய சட்டம் அது. தற்செயல் விடுப்பின் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் நம் ஊழியர்களுக்கு இந்த இனிப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பொய்க்கணக்கு எழுதுவார்களே என்று ஒருவர் கேட்கலாம். எழுதுவார்கள். போகாத ஊருக்குப் பேருந்தில் போனதாகப் பயணப்பட்டியல் எழுதுவது சைக்கிள் வந்த பிறகு பிறக்கப்போகும் கலை அல்ல. வாயிலில் ஒரு பதிவேடும் காவலரின் கையெழுத்தும் போதும். சைக்கிளில் வந்ததாகப் பொய் சொல்ல விரும்புகிறவர், வாயிலில் எல்லோரும் பார்க்க சைக்கிளோடு நுழைய வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து அலுவலகம் வருவதைவிட, அலுவலக நேரத்தில் நடக்கும் குட்டிப் பயணங்களைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வீடு எங்கே இருக்கிறது என்பது ஊழியரின் பாடு. தாம்பரத்திலிருந்து கோட்டைக்கு மிதித்து வா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோட்டையிலிருந்து சேப்பாக்கம் எழிலகத்துக்கு மூன்று கிலோமீட்டர் சுமார்தான். நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு, ஒரு கையெழுத்துக்கு என்று இந்தப் பாதையில் கார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மாவட்டங்களில் ஆட்சியரகத்திலிருந்து சார் கருவூலத்துக்கும், நகராட்சியிலிருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இதே போக்குவரத்து. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிதான் அதிகம் புகை கக்கும். என்ஜினும் புகையை வடிகட்டும் கருவியும் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். டிரைவரைத் தேடி, வண்டியை எடுத்து, போய்ச் சேர்ந்து, நிறுத்த இடம் தேடி முடிப்பதற்குள் சைக்கிள்காரர் திரும்பியே வந்திருப்பார்.

சந்து பொந்துகளில் வேலை இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கொசுப்புழு தேடும் சுகாதார ஆய்வாளர், சொத்துவரிக்கு வீடு அளப்பவர், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோரை மதுரை மாசி வீதிகளிலோ சென்னைப் பாரிமுனைச் சந்துகளிலோ ஜீப்பில் அனுப்பினால் ஜீப் முனையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் சியாட்டில் காவல்துறை 1987-ல் சைக்கிள் ரோந்தைத் தொடங்கியது இதே காரணத்துக்காகத்தான்: நெரிசலில் கார் ரோந்து நகரவில்லை. 2000-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, மருத்துவ உதவியாளர்களை சைக்கிளில் அனுப்பிப் பார்த்தது. உயிர் காக்கும் கருவிகளோடு சைக்கிள் முதலில் போய்ச் சேரும்; தேவைப்பட்டால் பின்னால் வண்டி வரும். அந்தப் பிரிவு நிலைத்துவிட்டது. நம் ஊரிலும் பீட் கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்த காலத்தில், திண்ணையில் உட்கார்ந்திருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். கண்ணாடி ஏற்றிய ஜீப்பிலிருந்து அது நடக்காது.

உடல்நலத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு பழைய ஆய்வு மட்டும் அரசு ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டியதால் புகழ்பெற்றது. அதே ஆய்வில் அவர் அஞ்சல் துறையையும் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்கள், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த தங்கள் துறையின் எழுத்தர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும்விட இதய நோயில் தப்பித்தார்கள். ஒரே அரசு, ஒரே துறை. மேலே போகப்போக நாற்காலி, நாற்காலியோடு நோய். 2017-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து, வேலைக்கு சைக்கிளில் போகிறவர்களின் மரண வாய்ப்பு 41 சதவீதம் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேறு வகையிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் என்பதால் முழுப்பெருமையையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்ற நிலையில், முழுப்பெருமை இல்லாவிட்டாலும் பாதிப் பெருமை போதுமே.

இதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் சரிப்படும் என்பவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்ட வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பிப்பதோடு சைக்கிளும் கற்றுக்கொடுங்கள் என்று முடிவானது. கிராமத்துப் பெண் ஊர் விட்டு ஊர் போக எந்த ஆணின் தயவையும் எதிர்பார்க்கக்கூடாது என்பது கணக்கு. இயக்கத்தில் வேலை செய்த பெண்களுக்கு சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார் ஆட்சியர். வயல் வேலைக்காரர், கல்குவாரித் தொழிலாளி, கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியை, சத்துணவு ஊழியர் என்று மிதிக்கத் தொடங்கினார்கள். பொதுவெளியில் ஓட்டிக் காட்டிய நிகழ்ச்சிகளில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனது. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். சீட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்றும் சில பெண்கள் சொன்னார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. கெட்ட பேச்சும் உண்டு. அது நாளடைவில் ஓய்ந்தது.

இந்தக் கதையைப் பெண் விடுதலைக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். அது சரியே. ஆனால் இதற்குள் ஒரு நிர்வாகக் கதையும் இருக்கிறது. அந்தப் பெண்களில் கணிசமானோர் அரசின் களப்பணியாளர்கள். பேருந்து வராத ஊருக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு போக வேண்டியவர்களுக்கு, அரசே முன்வந்து சைக்கிள் கிடைக்கச் செய்தது. கடனுக்கு வழி செய்தது, கற்றுக்கொடுத்தது, ஆட்சியரே உடன் நின்றதால் கேலியையும் அடக்கியது. பணம், பயிற்சி, மேலிடத்தின் மரியாதை என்ற மூன்றும் ஒன்றாக வந்தபோது வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுக்கோட்டை வெயில் சென்னை வெயிலைவிடக் குளிர்ச்சியானது அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் கொடுத்துவருகிறது. முதல் ஆண்டு வாங்கியவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. அவர்களில் எத்தனையோ பேர் குரூப் 4 எழுதி, குரூப் 2 எழுதி, அதே அரசின் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவராக இருந்தபோது சைக்கிள் கொடுத்த அரசு, ஊழியரானதும் அதை நிறுத்த ஒரு நிழல்கூடக் கொடுக்கவில்லை.

வெயிலை நான் ஒதுக்கவில்லை. சித்திரை, வைகாசி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நிஜம். அந்த நான்கு மாதத்தைத் தள்ளிவிட்டாலும் எட்டு மாதம் மிச்சம். காலை ஒன்பதரைக்கு ஐந்து கிலோமீட்டர் மிதிக்க இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். வியர்க்கும். வியர்வைக்குக் குளியலறைத் தொகுதியெல்லாம் கட்ட வேண்டாம். தாழ்ப்பாள் விழும் கதவு, தண்ணீர் வரும் குழாய், ஒரு வாளி, சட்டை மாட்ட ஒரு ஆணி போதும். நம் அலுவலகங்களில் தாழ்ப்பாள் விழும் கதவு கிடைப்பதே அரிது என்பது வேறு துக்கம். அதிலும் பெண் ஊழியர்களின் துக்கம் இரட்டிப்பு. சைக்கிளை முன்னிட்டாவது அது சரியானால் சைக்கிளே ஓட்டாதவர்களும் நன்றி சொல்வார்கள். நடுத்தர வயதுக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது மின்மோட்டார் பொருத்திய சைக்கிள். 250 வாட்டுக்கு மிகாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம்.

சாலைதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இந்தச் சாலையில் சைக்கிளில் போகச் சொல்ல உனக்கு என்ன உரிமை என்று ஒரு ஊழியரின் மனைவி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே, நாட்டில் முதல் நகரமாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதமாவது அவர்களுக்கு என்றும், 2018-க்குள் நகரப் பயணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் நடையும் சைக்கிளும் என்றும் அதில் எழுதியிருந்தது. சில தெருக்களில் நடைபாதை அகலமானது. தியாகராய நகர் பாண்டி பஜார் மாறியது. சைக்கிள் பாதை என்று கோடு போட்ட இடங்களில் கார் நிற்கிறது. 2019-ல் மெட்ரோ நிலையங்களுக்கு அருகே வந்த வாடகை சைக்கிள்கள் தேய்ந்து போயின. கொள்கை எழுதியவரும் கோடு போட அனுமதித்தவரும் டெண்டர் விட்டவரும் கார்க் கண்ணாடி வழியாகவே சாலையைப் பார்த்தார்கள். பாதாளச் சாக்கடை மூடி சாலை மட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே இருந்தால் காருக்கு ஒரு குலுக்கல். சைக்கிளுக்கு அது விழும் இடம். இதை எந்த அறிக்கையிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. மாநகராட்சிப் பொறியாளர் தன் வார்டை மாதம் இரண்டு முறை சைக்கிளில் சுற்ற வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அந்த மூடிகள் எந்தப் போராட்டமும் இல்லாமல் சாலை மட்டத்துக்கு வந்துவிடும். சாலை சரியான பிறகு சைக்கிள் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. ஆபத்தில்லாத உட்தெருக்களிலிருந்து, வளாகத்துக்குள்ளிருந்து, சின்ன ஊர்களிலிருந்து தொடங்கலாம்.

கட்டாயம் மட்டும் கூடாது. கட்டாய உத்தரவு எப்போதும் படிக்கட்டில் கீழ்நோக்கித்தான் உருளும். ‘அனைவரும் சைக்கிளில் வர வேண்டும்’ என்று உத்தரவு போட்டால் முதல் மாதத்தில் மேலதிகாரிக்கு அவசரக் கூட்டம், இரண்டாம் மாதத்தில் கண்காணிப்பாளருக்கு முழங்கால் வலிச் சான்றிதழ், மூன்றாம் மாதத்தில் அலுவலக உதவியாளர் மட்டும் மிதித்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே அவர்தான் மிதித்துக்கொண்டிருந்தார். மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் மலிவு வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லோரையும் குற்றவாளியாக்கும் உத்தரவு அது. விரும்புகிறவருக்கு வழியும் சலுகையும், வண்டி வைத்திருக்கும் மேலதிகாரிக்கு முன்னுதாரணக் கடமையும் என்று பிரித்தால் போதும். போர்டிகோவின் பாதி இடம் சைக்கிளுக்கு என்று ஒரு ஆட்சியர் நாளையே சொல்லலாம். அதற்கு அரசாணை வேண்டியதில்லை.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது மத்திய ஊதியக்குழு அமைந்திருக்கிறது. அறிக்கை தர அதற்குப் பதினெட்டு மாத அவகாசம். ஊழியர் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கும். குறைந்தபட்ச ஊதியம், பழைய ஓய்வூதியம் என்று பெரிய கோரிக்கைகள் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அந்தப் பட்டியலில் சைக்கிள் படியை 180-லிருந்து 360 ஆக்குங்கள் என்ற கோரிக்கையும் பழக்கதோஷத்தில் வரலாம். அதைவிட, பதவி பார்க்காமல், அலுவல் வேலையாக சைக்கிளில் போகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு தொகை என்று கேட்டால், இணைச் செயலாளரும் தபால்காரரும் ஒரே விதியின் கீழ் வருவார்கள். மத்திய அரசில் வருவது பின்னர் தமிழ்நாட்டுக்கும் வருவது வழக்கம். ஏழாவது ஊதியக்குழு அப்படித்தான் 2017 அக்டோபரில் இங்கே வந்தது.

அலுவலகத்துக்குப் பொது சைக்கிள் நான்கைந்து வாங்கிப்போடுவது எளிது. ஓராண்டு கழித்து அவற்றில் காற்று இருக்குமா என்பதுதான் கேள்வி. ஜீப்புக்கு டயர் மாற்ற, ஆயில் மாற்ற, சர்வீஸ் விட நிதி ஒதுக்கீட்டில் தலைப்பு இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்ட எதுவும் இல்லை. தெருமுனைக் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். ஜி.எஸ்.டி. எண்ணோடு ரசீது கொடுக்க மாட்டார். ரசீது இல்லாத செலவைத் தணிக்கைக்காரர் ஏற்க மாட்டார். ஊழியர் சொந்தக் காசு போட்டு எத்தனை முறை ஒட்டுவார்? நாலாவது தடவை சைக்கிள் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். ஆகவே நிதித்துறை சைக்கிள் வாங்க ஆணை போடும்போது, மாதத்துக்கு இவ்வளவு ரூபாய் வரை ரசீது இல்லாமல், அலுவலகத் தலைவரின் சான்றின்பேரில் சில்லறைச் செலவில் எழுதிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போட வேண்டும். காற்றடிக்கும் பம்பு ஒன்று, வாயிற்காவலர் பொறுப்பில்.